உறக்கப் பொருத்தம்

“மூணு மணி நேரம்னு சொல்லித்தானே பொண்ணு கேட்டீங்க? இப்ப ஏழு மணி நேரம்னா என்ன அர்த்தம்? எம் பொண்ணு என்ன தலகாணியா?”

“கொஞ்சம் மெதுவாப் பேசுங்க சம்பந்தியம்மா. தெருவே பாக்குது.”

“பாக்கட்டும். அதுக்குத்தானே வாசல்ல நின்னு பேசறேன்.”

தெரு பார்த்துக்கொண்டுதான் இருந்தது. திண்டுக்கல் பம்ப் ஹவுஸ் தெருவில் சாயங்காலம் நாலரை மணிக்கு இத்தனை பேருக்கு ஒரே சமயத்தில் வாசல் பெருக்குகிற வேலை வந்ததை அதற்கு முன் யாரும் கண்டதில்லை. எதிர்வீட்டு ஜெயக்கொடி, காய்ந்து முடிந்த துணியை எடுத்து உதறி, மறுபடி அதே கொடியில் போட்டாள்.

அருப்புக்கோட்டையிலிருந்து பஸ் ஏறி வந்த தவமணி படி தாண்டி உள்ளே வரவில்லை. உள்ளே போனால் கையில் காபியைக் கொடுத்துவிடுவார்கள். காபி குடித்த வாயால் சண்டை போட முடியாது. வாசலை மறித்து நின்ற சகுந்தலாவோ சம்பந்தியின் முகத்தைவிடக் கடிகாரத்தைத்தான் அதிகம் பார்த்தாள். ஐந்து மணிக்கு மருமகள் தூங்கியாக வேண்டும்.

மருமகள் பூவிழி உள்ளறைக் கட்டிலில் உட்கார்ந்து, காதுக்குப் பின்னால் ஒட்டுகிற இரண்டு பட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு, இரண்டு பேர் குரலையும் கேட்டுக்கொண்டிருந்தாள். தன்னைப் பற்றி நடக்கும் சண்டையில் தான் எந்தக் கட்சி என்று அவளுக்கே தீர்மானமில்லை.

உறக்கமாற்றி என்பது அந்தக் கருவியின் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் பெயர். வீடுகளில் அதற்கு ‘மாத்தி’ என்று பெயர். மிக்ஸி அளவுக்கு ஒரு பெட்டி. அதிலிருந்து ஒருவர் தலைக்கு இரண்டு பட்டை, இன்னொருவர் தலைக்கு இரண்டு. முதல் ஆள் தூங்கினால் இரண்டாம் ஆளின் அசதி இறங்கிவிடும். தூங்குகிறவர் தன் தூக்கத்தோடு அடுத்தவர் தூக்கத்தையும் சேர்த்துத் தூங்க வேண்டும், அவ்வளவுதான். அரசுத் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் உள்ள வீடுகளில் மாத்தி வந்த பிறகு, ‘உங்க வீட்ல யார் படிக்கறாங்க’ என்று கேட்பது போய், ‘யார் தூங்கறாங்க’ என்று கேட்பது வழக்கமாயிற்று.

ஆனால் எல்லார் தூக்கமும் எல்லாருக்கும் ஒத்துப்போகாது. நூற்றில் நாலு பேருக்குத்தான் ஒத்துப்போகும். அந்த இடத்தில்தான் கல்யாணத் தரகர்கள் உள்ளே நுழைந்தார்கள். பத்துப் பொருத்தம் பார்த்துக்கொண்டிருந்த சனம், பதினோராவதாக உறக்கப் பொருத்தம் என்று ஒன்றைச் சேர்த்துக்கொண்டது. ‘மணமகன் முதல்நிலைத் தேர்வு தேறியவர். ஆழ்ந்து உறங்கும் மணமகள் தேவை’ என்று பத்திரிகையில் வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. பெண்ணைப் பெற்றவர்கள், எங்கள் பெண் இடி இடித்தாலும் எழுந்திருக்க மாட்டாள் என்று பெருமையாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். அதற்கு முன் அதையே சொல்லித் திட்டிக்கொண்டிருந்தவர்கள்தான்.

சகுந்தலாவைக் குறை சொல்வது சுலபம். அவளும் சும்மா இருந்தவள் இல்லை. தாலுகா அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தே செத்துப்போன புருஷனுக்குப் பதிலாக, மகன் கதிரவன் அந்தக் கட்டடத்துக்குள் அதிகாரியாக நுழைவதைப் பார்க்க வேண்டும் என்பது அவள் ஆசை. முதலில் மகனுக்காக அவளே படுத்துப் பார்த்தாள். அறுபது வயதுத் தூக்கம், கோழித் தூக்கம். பையனுக்கு ஒரு கொட்டாவிகூட நிற்கவில்லை. அப்புறம்தான் பெண் தேடினாள். கதிரவனுக்கு முப்பத்திரண்டு நடக்கிறது. அடுத்த அறிவிப்பு வரும்போது வயது வரம்பு தாண்டிவிடும். முதல்நிலை தேறியாயிற்று, முதன்மைத் தேர்வில் போனால் போனதுதான்.

பூவிழி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள். கல்யாணமானதும் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கத்திலேயே ஒரு பரிசோதனை நிலையத்தில் வேலை பேசி வைத்திருந்தார்கள். மூன்று மணி நேரம் கூடுதலாகத் தூங்கினாலும் பகல் மிச்சமிருக்கும் என்பது கணக்கு. மூன்று, ஐந்தாயிற்று. இப்போது ஏழு. தன் தூக்கம் ஏழு, அவன் தூக்கம் ஏழு. சாயங்காலம் ஐந்து மணிக்குப் படுத்தால் காலை ஏழு மணிக்கு எழுந்திருப்பாள். வேலை போயிற்று. தெருவிளக்கு எரிவதைப் பார்த்து இரண்டு மாதம் ஆயிற்று.

“எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க,” வாசலில் தவமணியின் குரல் தணிந்தது. தணிந்த குரலுக்குத்தான் ஜெயக்கொடி பயப்படுவாள், காதில் விழாது. “அவ முழிச்சிருக்கற பொழுதுன்னு ஒண்ணு இருக்குல்ல. அது அவளுக்கு எப்பத் திரும்ப வரும்?”

“பரீட்சை முடிஞ்சதும் வரும். எங்க போயிரப் போகுது?”

பூவிழி எழுந்து வாசலுக்கு வந்தாள். “அம்மா, நாலு மாசம்தாம்மா. நீ போயிட்டு வா. எனக்கு நேரமாச்சு.”

தவமணி மகளைப் பார்த்தாள். அப்புறம் காபி குடிக்காமலேயே போனாள்.

மூன்று மணி நேரக் காலத்தில் கதிரவனின் மாதிரித் தேர்வு மதிப்பெண் ஏறியது. ஐந்தில் நின்றது. ஏழில் சரியத் தொடங்கியது. அறுபத்தெட்டு, ஐம்பத்தைந்து, நாற்பத்தொன்று. ஒரு நாளைக்கு இருபது மணி நேரம் படிக்கிற பையன். நூலகத்தில் பகல் முழுவதும், வீட்டில் இரவு முழுவதும், காதுக்குப் பின்னால் பட்டையோடு. நல்ல பையன்தான்; காலையில் மனைவி எழுந்ததும் அவனே அடுப்படிக்குப் போய், “நீ டீயா, காபியா?” என்று அன்பாகக் கேட்பான். இரண்டு மாதமாகத் தினமும் அதையே கேட்டான்.

“டீ,” என்பாள் பூவிழி, தினமும்.

மாதம் ஒருமுறை மாத்திக்குப் பட்டை மாற்ற, கம்பெனியிலிருந்து இன்பவள்ளி என்ற பெண் வருவாள். அன்று சகுந்தலா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். பூவிழி கதவை ஒருக்களித்துவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்தாள்.

“உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். நான் போகாத கடையில குடிக்காத டீயோட ருசி எனக்கு எப்படித் தெரியும்?”

“எந்தக் கடை?”

“நூலகத்துக்கு எதிர்த்தாப்ல. ஏலக்காய் தூக்கலாப் போடுவாங்க. மாஸ்டருக்கு இடது கையில ஆறு விரலு. நான் அந்தப் பக்கமே போனதில்லைங்க.”

இன்பவள்ளி பட்டையைக் கீழே வைத்தாள். “எவ்ளோ நேரம் வெக்கறீங்க?”

“ஏழு.”

“ஏழா?” என்று கேட்டுவிட்டு வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். “தூக்கத்துக்கு ரெண்டு வேலை இருக்குக்கா. ஒண்ணு கழுவறது. பகலெல்லாம் மூளையில சேர்ற கசடக் கழுவி விட்டுரும். இன்னொண்ணு அடுக்கறது. பாத்தது, படிச்சது, பட்டது எல்லாத்தையும் எடுத்து உள்ள அடுக்கி வெக்கும். கழுவற வேலை மட்டும்தான் மாறும்னு கம்பெனில சொல்றாங்க.”

“அடுக்கற வேலை?”

“யார் தூங்கறாங்களோ அவங்க தலையிலதானே அடுக்கும். ரெண்டு மூணு மணி நேரம்னா தெரியாது. இவ்ளோ போச்சுன்னா, அவர் அரைக்கற மாவெல்லாம் உங்க பாத்திரத்துலதான் விழும். நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க. என் வேலை போயிரும்.”

பூவிழி இரண்டு நாள் அதை மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தாள். சொன்னால் விடுதலை, அவரவர் தூக்கத்தை அவரவர் தூங்கலாம். சொன்னால் பழியும் வரும். சொல்லாமலே இருந்திருப்பாளோ என்னவோ. மூன்றாம் நாள் சகுந்தலா தானே ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள்.

“இவ தூங்கல. கண்ண மூடிக்கிட்டு நடிக்கறா. தூங்கினா எம் புள்ள மார்க் ஏன் இறங்குது? நாளையிலிருந்து ஒன்பது மணி நேரம் வெய்யி கதிரு.”

கதிரவன் கையில் நாற்பத்தொன்று போட்ட விடைத்தாள் இருந்தது. “ஒன்பதுன்னா அவளுக்கு மொத்தம் பதினாறும்மா,” என்றான், கணக்குச் சரி பார்க்கிற குரலில்.

“நான் தூங்கறேன் அத்தை,” என்றாள் பூவிழி. “தூங்கறதுதான் தப்பா இருக்கு.” சொல்லிவிட்டாள். இன்பவள்ளி பெயரை மட்டும் விட்டுவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

சகுந்தலா மேசையிலிருந்து தடிமனான புத்தகத்தை எடுத்து நடுவில் பிரித்தாள். தாலுகா அலுவலகத்தில் கையெழுத்துச் சரிபார்க்கிற தோரணை.

“பதினோராவது அட்டவணையில எத்தனை பொருளு?”

“இருபத்தொம்பது.”

“நிதி ஆணையம். எந்தக் கூறு?”

“இருநூத்தி எண்பது.”

அப்படியே இருபது கேள்வி. பத்தொன்பது சரி. கதிரவன் முகம் சிறுத்துக்கொண்டே வந்தது. பதில்கள் தெரியாததால் அல்ல. அந்தப் பக்கங்களின் ஓரத்தில் பென்சிலால் குறித்திருந்தது அவன் கையெழுத்து.

“இதையெல்லாம் நான் எப்பப் படிச்சேன்?” என்று கேட்டான்.

“போன மாசம் ஒம்பதாம் தேதி. அன்னிக்கு மழை. குடையில்லாம நூலக வாசல்ல நின்னீங்க. இந்தத் தடவையும் போச்சுன்னா என்ன மூஞ்சியோட வீட்டுக்குப் போறதுன்னு...” பூவிழி நிறுத்திக்கொண்டாள். மாமியார் முன்னால் அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

“எம் புள்ள படிச்சதையெல்லாம் திருடி வெச்சிருக்கா,” என்றாள் சகுந்தலா, யாரையும் பார்க்காமல்.

தேர்வுக்கு நாற்பத்து மூன்று நாள் இருந்தது. பூவிழியே எழுதலாம் என்றால் முதல்நிலை தேறியவர்களுக்குத்தான் முதன்மை. சகுந்தலா புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள். அவள் யோசித்தால் விபரீதம் என்பது தெருவுக்குப் பழக்கமான விஷயம்.

“யார் தூங்கறாங்களோ அவங்க தலையிலதானே ஏறும்?” என்றாள் கடைசியில். “அப்ப பட்டைய மாத்தி ஒட்டுங்க. கதிரு தூங்கட்டும். நீ படி.”

மாத்தியைக் கழற்றி வைக்கச் சொல்வாள் என்று எதிர்பார்த்திருந்த பூவிழி, கதிரவனைத் திரும்பிப் பார்த்தாள். வேண்டாம்மா, என் தூக்கத்தை நானே தூங்குகிறேன், மிச்ச நேரத்தில் நானே படிக்கிறேன் என்று அவன் சொல்லியிருக்கலாம். நாற்பத்து மூன்று நாள் அப்படி ஒன்றும் குறைச்சல் இல்லை. கதிரவன் தரையைப் பார்த்தான். ஜெயக்கொடி வீட்டுக் குக்கர் ஒரு விசில் அடித்தது. அவன் தரையையே பார்த்தான். இரண்டாவது. மூன்றாவது விசிலும் அடித்து, அடுப்பை அணைக்கிற சத்தமும் கேட்டது.

“சரி,” என்றாள் பூவிழி. “பரீட்சை முடிஞ்ச அன்னிக்கே இந்தப் பெட்டி இந்த வீட்ட விட்டுப் போயிரணும்.”

அன்று ராத்திரி அவரவர் தூக்கத்தை அவரவர் தூங்கினார்கள். மறுநாள் பட்டைகள் இடம் மாறின. கதிரவன் பதினாலு மணி நேரம் தூங்கினான். பூவிழி இருபத்துநாலு மணி நேரமும் விழித்திருந்தாள். அசதியே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. புத்தகம், மதியம் சமையல், மறுபடி புத்தகம். சகுந்தலா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பக்கம் புரளும் சத்தம் நின்றால் தொண்டையைக் கனைத்தாள். பூவிழிக்குக் கண் படிக்கும், வாய் முணுமுணுக்கும், பக்கம் திருப்பியதும் முந்தின பக்கம் கரைந்துபோகும். எந்தப் பக்கத்தில் விட்டோம் என்பதே மறந்துபோவதால் வெற்றிலைக்காம்பை அடையாளம் வைத்தாள். தான் வைத்த அடையாளத்தைப் பார்த்து, இதை யார் வைத்தது என்று யோசித்தாள்.

இருபதாவது நாள் தவமணி போன் செய்தாள். “நேத்து வந்தப்பக் குடுத்தேனே குழிப்பணியாரம், சாப்டியா?”

“நேத்து வந்தியாம்மா?”



“வந்தேன்டி. ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேன். உன் தலையக் கோதி விட்டேன்.”

பூவிழி அடுப்படியில் போய்ப் பார்த்தாள். அலமாரியில் பணியாரம் எதுவும் இல்லை. சாப்பிட்டிருப்போம் என்று நினைத்தாள். “நல்லா இருந்துச்சும்மா,” என்றாள்.

அன்று பதினோரு மணிக்குக் கதிரவன் எழுந்தான். சகுந்தலா காபியை நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

“அவங்க அம்மா செஞ்சுட்டு வந்த பணியாரத்த ஏம்மா மாட்டுக்குப் போட்டீங்க?”

சகுந்தலா காபியை மேசையில் வைத்தாள். “யாருடா சொன்னது? இவளா?”

“எனக்குத் தெரியாதுங்க அத்தை,” என்றாள் பூவிழி. பொய் இல்லை. அந்த நிமிஷம் வரை அவளுக்குத் தெரியாது.

“யாரும் சொல்லல. நான் பாத்தேன். நடை வாசல்ல நின்னு பாத்தேன். பாத்திரத்தோட கொண்டுபோய்க் கவுத்தீங்க. ‘இத தின்னா தூக்கம்தான் வரும், படிப்பு வராது’ன்னு சொன்னீங்க. அந்தப் பாத்திரத்த நான்தான் கழுவி வெச்சேன்.”

“நீ தூங்கிட்டு இருந்தேடா.”

“ஆமா,” என்றான் கதிரவன். “தூங்கிட்டுத்தான் இருந்தேன்.”

மூன்று பேரும் அந்தப் பெட்டியைப் பார்த்தார்கள். பாடம் மட்டும் பிரிந்து போய்ச் சேர அது என்ன சல்லடையா? பூவிழி பகலில் படித்ததோடு, பகலில் பட்டதும் சேர்ந்தே அவனுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து நாற்காலியின் கனைப்பு, திருடி என்ற பார்வை, தவமணி போகும்போது படியில் நின்று திரும்பிப் பார்த்தது, எல்லாம்.

நிறுத்தியிருக்கலாம். ஆனால் முந்தின வாரம் மாதிரித் தேர்வில் அவன் எழுபத்தேழு வாங்கியிருந்தான். “இருபத்து மூணு நாள்தான். முடிஞ்சா எல்லாம் சரியாயிரும்,” என்றாள் சகுந்தலா. கதிரவன் நேரம் வந்ததும் பட்டையை ஒட்டிக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். எழும்போது சில நாள் தலையணை நனைந்திருந்தது. அதைப் பூவிழி வெயிலில் காயப் போட்டாள். எதிர்வீட்டில் கணக்கு வைத்திருந்தார்கள், மொத்தம் பதினோரு நாள்.

தேர்வு முடிந்தது. சொன்ன சொல் தவறாமல் அன்றைக்கே மாத்தியைக் கம்பெனியில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான் கதிரவன். பூவிழி அன்று தன் தூக்கத்தை மட்டும் தூங்கினாள். விடிந்து எழுந்தபோது அவன் டீயோடு நின்றான். டீயா காபியா என்று கேட்கவில்லை.

“உன்கிட்டப் பேசணும்.”

“சொல்லுங்க.”

“இந்த நாப்பத்து மூணு நாளும் நீ பட்டதெல்லாம் எனக்குத் தெரியும். ஒண்ணுவிடாமத் தெரியும். அம்மா பேசினது, நீ சமையக்கட்டுல நின்னு வாயப் பொத்திக்கிட்டது. மன்னிச்சிரு பூவிழி.”

பூவிழி டீயை வாங்கி ஒரு வாய் குடித்தாள். தேடிப் பார்த்தாள். உண்மையாகவே தேடினாள். அந்த நாட்கள் இருந்த இடத்தில், துடைத்து வைத்த பலகை போல ஒன்றுமே இல்லை.

“எனக்கு அது எதுவும் ஞாபகம் இல்லைங்க. எதுக்குன்னு தெரியாம எப்படி மன்னிக்கறது?” என்றாள். “எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். என்னைப் படிக்கச் சொன்னாங்க. நான் உங்களப் பாத்தேன். நீங்க தரையப் பாத்தீங்க. உங்களுக்கு அது ஒண்ணர மாசத்துக்கு முந்தி. எனக்கு நேத்து.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானம் பேச ஒரு வழி இருந்திருக்கும் என்பது ஜெயக்கொடியின் அபிப்பிராயம். ஜன்னலோரம் நின்று கேட்டவள் அவள்தான்.

அந்த வாரமே பூவிழி அருப்புக்கோட்டைக்குப் போனாள். கதிரவன் தேறினான், சார்பதிவாளர் வேலை. தெருவுக்கெல்லாம் சகுந்தலா ஜாங்கிரி கொடுத்தாள், மகன் வீட்டில் இல்லாமலே. பூவிழியை அடுத்த வருஷம் பரீட்சை எழுதச் சொல்லாத ஆள் இல்லை. பாதிப் பாடம் இன்னும் அவள் தலையில்தானே இருக்கிறது. அவள் எழுதவில்லை. சட்டப்படி, சத்தமில்லாமல் பிரிந்தார்கள். ஓசூரில் ஒரு பரிசோதனை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து, இரண்டு வருஷம் கழித்து அங்கேயே வேலை பார்க்கும் அன்புச்செழியன் என்பவனைக் கட்டிக்கொண்டாள். ஜாதகமும் பார்க்கவில்லை, உறக்கமும் பார்க்கவில்லை. மாப்பிள்ளை பயங்கரமாகக் குறட்டை விடுவான் என்று விசாரித்ததில் தெரிந்தது.

அந்தக் கல்யாணத்தில் பெண் வீட்டார் பக்கம் நின்று பந்தி விசாரித்தது கதிரவன். அவன் கேட்டு வாங்கிக்கொண்ட முதல் பணியிடமே அருப்புக்கோட்டை. தவமணி வீட்டிலிருந்து நாலாவது வீட்டில் குடியிருக்கிறான். தவமணிக்குக் கண்ணில் புரை எடுத்தபோது ஆஸ்பத்திரியில் உடன் இருந்தவன் அவன்தான். அவளை அம்மா என்றுதான் கூப்பிடுகிறான். அவளும், வேறு வழியில்லாமலோ மனசாரவோ, பணியாரம் சுடுகிற அன்று அவனுக்கு ஒரு பாத்திரம் அனுப்புகிறாள்.

பெற்றவள் சகுந்தலா, பம்ப் ஹவுஸ் தெரு வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வத்தலக்குண்டில் தம்பி வீட்டோடு போய்விட்டாள். தீபாவளிக்கு மகன் புடவையோடு வருகிறான், வாசலிலேயே நின்று கொடுத்துவிட்டுப் போகிறான், உள்ளே வந்து காபி குடிப்பதில்லை என்று கேள்வி.

கதிரவனுக்கு இன்னும் பெண் பார்க்கிறார்கள். அரசாங்க உத்தியோகம், வரன்களுக்குக் குறைச்சல் இல்லை. அவன் போடுகிற நிபந்தனை ஒன்றே ஒன்று: கல்யாணமான மறுநாளே தனிக்குடித்தனம். வழக்கமாக அது பெண் வீட்டார் போடுகிற நிபந்தனையாயிற்றே, உங்களுக்கு எதற்கு என்று தரகர் கேட்டாராம்.

“இன்னொரு தடவ மாமியார்கிட்ட இருக்க என்னால முடியாதுங்க,” என்றானாம் கதிரவன்.